மல்பெரி குவிஞ்சு கிடக்கா? ஒண்ணு கூட வீணாகாம சமைச்சு முடிக்கலாம்

சிங்கப்பூர் வெயிலுக்கும் மழைக்கும் மல்பெரி தொட்டியிலயே பிச்சுக்கிட்டு வளரும். கிளையை வெட்டி இலையை உருவி விட்டா போதும், புதுத் துளிரோட சேர்ந்தே காய் வந்துடும், அப்புறம் எல்லாம் ஒரே சமயத்துல பழுத்து நிக்கும், குயிலும் மைனாவும் தின்னது போக மிச்சமே டப்பா டப்பாவா வீட்டுக்கு வரும். ஆனா இந்தப் பழம் காத்திருக்காது. ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் ரெண்டு மூணு நாள்தான், அதுக்குள்ள தண்ணி விட்டு பூஞ்சை பிடிச்சிடும், கடையில இது பெருசா கிடைக்காததுக்கும் அதான் காரணம்.

பறிச்ச அன்னைக்கே கலர் பாத்து பிரிச்சிடுங்க. கறுப்பா இருக்கறது சும்மா சாப்பிடவும் லஸ்ஸிக்கும். கருஞ்சிவப்பு, சிவப்பு எல்லாம் ஜாமுக்கு, தூக்கிப் போட்டுடாதீங்க ப்ளீஸ், ஏன்னா ஜாமை இறுக வைக்கிற பெக்டின் அதுலதான் கூட இருக்கு, புளிப்பும் இருக்கு. நம்ம பக்கம் காய்க்கற மல்பெரி நல்லா பழுத்துட்டா வெறும் இனிப்புதான், அப்படியே சமைச்சா சப்புன்னு இருக்கும். அதனால எது செஞ்சாலும் கொஞ்சம் புளிப்பு சேக்கணும், இத மட்டும் மறக்கவே மறக்காதீங்க.

முன்னாடியே கழுவி வைக்கக் கூடாது, சமைக்கப் போறப்போ உப்புத் தண்ணில அஞ்சு நிமிஷம் போட்டா உள்ள இருக்கற குட்டிப் பூச்சி வெளிய வந்துடும், அப்புறம் நல்ல தண்ணில அலசிடுங்க. பச்சைக் காம்பை ஒவ்வொண்ணா கிள்ளிக்கிட்டு உக்காந்தா பொழுது போயிடும், ஜாமுக்கு மட்டும் கத்திரிக்கோலால நறுக்குனா போதும், ஜூஸுக்கு எப்படியும் வடிகட்டத்தான் போறோம்.

ஜாம்: அரைக் கிலோ பழம் (கால்வாசி சிவப்பு), 250 கிராம் சீனி, ரெண்டு லைம். லைம் இல்லன்னா பாசார்ல விக்கற கலமான்சி ஏழெட்டு பிழிஞ்சுக்கலாம், எனக்கு அந்த வாசனைதான் இன்னும் பிடிக்கும். பழத்துல சீனி கலந்து ஒரு மணி நேரம் விட்டா தானா சாறு விட்டுடும், தண்ணி ஒரு சொட்டு கூட வேணாம். வாய் அகலமான எவர்சில்வர் சட்டி எடுங்க, அலுமினியம் வேணாம், கலர் மங்கிடும். மிதமான தீயில கிண்டிக்கிட்டே இருங்க, மொதல்ல பெரிய பெரிய நுரையா பொங்கும், அப்புறம் குமிழி சின்னதாகி பளபளன்னு கெட்டியா கொதிக்கும், அப்போ லைமைப் பிழிஞ்சு விட்டு ஃப்ரீசர்ல வச்ச தட்டுல ஒரு சொட்டு விடுங்க, விரலால தள்ளுனா சுருங்கணும். சுருங்குனா அடுப்பை அணைச்சிடலாம். சீனி கம்மிங்கறதால இது வெளிய தாங்காது, கொதிக்க வச்சு காய வச்ச கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்லயே வைங்க. சூடா ஒரு பிளெயின் பராட்டா வாங்கிட்டு வந்து இதைத் தொட்டு சாப்பிட்டுப் பாருங்க!

இனிப்பு வேணாம்னா தொக்கு. நல்லெண்ணெய்ல கடுகு, பெருங்காயம் தாளிச்சு, மூணு கப் பழத்தைப் போட்டு வதக்கி, அது கரைஞ்சதும் கெட்டியா கரைச்ச புளி, மிளகாய்த்தூள், உப்பு, கடைசில வறுத்த வெந்தயப் பொடி, எண்ணெய் பிரிஞ்சு வரட்டும். தோசைக்கும் தயிர்சாதத்துக்கும் அருமையா இருக்கும், மாங்காய்த் தொக்கைவிட இதுக்குத்தான் எங்க வீட்ல கிராக்கி.

அகர் அகர் செய்யறவங்க ஒண்ணு கவனிக்கணும், புளிப்புச் சாறோட சேத்து கொதிக்க விட்டா சரியா உறையாது. அகரை சீனித் தண்ணில தனியா காய்ச்சி, அடுப்பை அணைச்ச அப்புறம்தான் மல்பெரிச் சாறை ஊத்தணும். கேக்ல போடறப்போ சோடா உப்பு கூடிடாம பாத்துக்கோங்க, கூடுனா பழத்தைச் சுத்தி நீலச் சாம்பல் கலர் ஆயிடும், சாப்பிட ஒண்ணும் செய்யாது, பாக்கத்தான் நல்லா இருக்காது.

இதெல்லாம் செய்ய நேரமே இல்லையா, கழுவி துடைச்சு தட்டுல ஒட்டாம பரப்பி ஃப்ரீசர்ல வைங்க, கல்லு மாதிரி ஆனதும் ஜிப் பேக்ல போட்டுக்கலாம், மாசக் கணக்குல இருக்கும், ஜாமுக்கு அப்படியே சட்டில போடலாம்.

கையில பட்ட கறைக்கு லைம் தோலைத் தேய்ச்சுட்டு கழுவுங்க. துணின்னா உடனே பச்சைத் தண்ணில அலசிட்டு லைமோ வினிகரோ விட்டுத் தேய்ங்க, சோப்பு அப்புறம்தான், மொதல்லயே சோப்பு போட்டா கறை நீலமா மாறிடும்.