பேய்ப் படத்தைப் பேயை விட்டுவிட்டுப் பார்ப்பது எப்படி

சின்ன வயதில் பேய்ப் படத்தை விரல் இடுக்கு வழியாகப் பார்த்த ஆள் நான். கண்ணை மூடினாலும் காதை மூட முடியாதே. அதனால் பேய் வரும் இடம் எனக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் பேய் வராத நேரத்தில் மனிதர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் அப்படியே மனதில் நிற்கும். ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, நல்ல திகில் படங்களில் சமூகத்தைப் பார்த்து இயக்குநர் செய்கிற நையாண்டி முக்கால்வாசி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

அதைப் பிடிப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். முடிவுகளையும் சேர்த்தே சொல்லப்போகிறேன், அதனால் கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் தடவை பார்க்கும்போது ஒன்றுமே செய்யாதீர்கள். விளக்கை அணையுங்கள், போனைத் தூர வையுங்கள், நன்றாகப் பயப்படுங்கள். "இந்த ஜாம்பி எதன் குறியீடு?" என்று முதல் காட்சியிலேயே நோட்டும் பேனாவுமாக உட்காருகிறவர்களுக்குப் பயமும் கிடைக்காது, கிண்டலும் கிடைக்காது. வேலை எல்லாம் இரண்டாவது தடவைதான். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, பகல் வெளிச்சத்தில், பேயைக் கண்டுகொள்ளாமல் பாருங்கள்.

அப்போது முதலில் கவனிக்க வேண்டியது இடம். யார், எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்? இதற்கு ஜார்ஜ் ரொமேரோ 1978-இல் எடுத்த 'டான் ஆஃப் தி டெட்' மாதிரி இன்னொரு பாடம் கிடையாது. பிணங்கள் எழுந்து நடக்கின்றன, உலகம் முடியப்போகிறது, தப்பி ஓடும் நான்கு பேர் ஹெலிகாப்டரை இறக்குவது ஒரு ஷாப்பிங் மாலின் கூரையில். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள மன்ரோவில் மால் அது. செட் கிடையாது, நிஜ மால். இரவில் கடைகள் மூடிய பிறகு படம்பிடித்திருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் அலங்காரம் தொங்கிய நாட்களில் படப்பிடிப்பையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிணங்கள் ஏன் இங்கே வந்து மொய்க்கின்றன என்று அந்த நால்வரில் உள்ள பெண் கேட்கும்போது, ஏதோ பழக்கம், முன்பு செய்ததன் நினைவு, இவர்கள் வாழ்க்கையில் இது முக்கியமான இடமாக இருந்தது என்கிற மாதிரி பதில் வரும். எல்லோரும் மேற்கோள் காட்டும் வசனம் இதுதான். இதோடு நின்றுவிடாதீர்கள், ஏனென்றால் இது கேலியின் முதல் பாதி மட்டும்தான்.

அடுத்த பாதியைப் பிடிக்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நீங்கள் சிரித்த இடங்களை எல்லாம் குறித்துவைத்து, பக்கத்திலேயே யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்றும் எழுதுங்கள். எஸ்கலேட்டரில் தடுமாறி விழும் பிணங்களைப் பார்த்து முதலில் சிரிப்போம், சரி. அப்புறம் உயிரோடு இருக்கும் நான்கு பேரும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள், உடுத்திப் பார்க்கிறார்கள், வங்கிக்குள் புகுந்து கட்டுக் கட்டாகப் பணத்தைக்கூட எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே உலகமே இல்லை, அந்தப் பணத்தை வைத்து யாரிடம் என்ன வாங்கப்போகிறார்கள்? இங்கேயும் சிரிப்போம், ஆனால் கொஞ்சம் சங்கடத்தோடு, ஏனென்றால் அந்த இடத்தில் நாமாக இருந்தாலும் எடுத்திருப்போம். பிறகு மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்று கொள்ளையடிக்க வருகிறது. ஒளிந்திருந்தால் உயிர் பிழைக்கலாம், ஆனால் ஹெலிகாப்டர் ஓட்டி வந்த ஸ்டீபனால் பொறுக்க முடியவில்லை. இது எங்களுடையது, நாங்கள் பிடித்தது என்று துப்பாக்கியைத் தூக்குகிறான். கடைசியில் அவனும் செத்து, பிணமாக எழுந்து, பழைய நினைவிலேயே நடந்து போய் மற்ற பிணங்களுக்குத் தன் ஆட்கள் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறான். முதலில் சொன்ன வசனம் அவன் மேலேயே வந்து விழுகிறது. உங்கள் பட்டியலை இப்போது எடுத்துப் பாருங்கள், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்கிற பத்தி பிணத்தில் தொடங்கி மெதுவாக மனிதர் பக்கம் நகர்ந்திருக்கும்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது மரியாதை. ஆமாம், மரியாதைதான். ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017) படத்தில் கிறிஸ் என்கிற கறுப்பின இளைஞன் வெள்ளைக்காரக் காதலியின் வீட்டுக்குப் போகிறான். யாரும் அவனைத் திட்டுவதில்லை. முடிந்திருந்தால் ஒபாமாவுக்கு மூன்றாவது தடவையும் ஓட்டுப் போட்டிருப்பேன் என்கிறார் அப்பா. விருந்துக்கு வந்தவர்களில் ஒருவர் கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸைப் பற்றிப் பேசுகிறார், ஒரு பெண்மணி அவன் புஜத்தைத் தொட்டுப் பார்க்கிறார். முதல் தடவை பார்க்கும்போது, பாவம், ஏதோ அசடு வழிகிறார்கள் என்று தோன்றும். அவன் உடலை விலைக்கு வாங்க வந்த அவர்கள், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி சரக்கைச் சோதித்திருக்கிறார்கள் என்பது இரண்டாவது தடவைதான் தெரியும். அதனால் திகில் படத்தில் யாராவது அளவுக்கு மீறி இனிமையாகப் பேசினால் அங்கே நிறுத்தி, அந்தப் பேச்சால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள்.

இதே படத்தில் இன்னொரு காட்சியையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் கார் மானை இடித்துவிடும். ஓட்டியது காதலி, ஆனால் போலீஸ்காரர் கிறிஸ்ஸிடம் அடையாள அட்டை கேட்பார். காதலி பொங்கி எழுந்து சண்டை போடுவாள், நமக்கும் அவள் மேல் மதிப்பு கூடும். அவளும் இந்தச் சதியில் கூட்டாளி என்று முடிவில் தெரிந்த பிறகு திரும்பப் பாருங்கள்: அவன் பெயர் எந்தப் போலீஸ் பதிவிலும் ஏறிவிடக் கூடாது என்பதும் அந்தக் கோபத்துக்குள் இருந்திருக்கலாம். ஒரே வசனம் ஒரு தடவை நியாயமாகவும் மறு தடவை சூழ்ச்சியாகவும் கேட்கிறது. இந்தப் படத்தைக் கோல்டன் குளோப் விருதில் நகைச்சுவை, இசைப் படங்கள் பிரிவில் போட்டபோது, இது ஆவணப்படம் என்று ட்விட்டரில் ஒரு வரி போட்டார் பீல்.

மூன்றாவது, படம் வந்த ஆண்டு. இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை. ரொமேரோவின் முதல் படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வந்தது 1968-இல். நாயகன் பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். இரவு முழுக்கப் பிணங்களோடு போராடிப் பிழைக்கும் பென்னை, விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் வெள்ளைக்காரக் கூட்டம் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. பிறகு வரும் அசையாத படங்களில், கையில் கொக்கியோடு அவர்கள் அவன் உடலை இழுத்துப் போட்டு எரிக்கிறார்கள். கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் அதே ஆண்டு ஏப்ரலில். அதைப் பார்த்து எடுத்த படம் என்று பலர் அடித்துச் சொல்வார்கள், ஆனால் அப்போது படம் முடிந்தே விட்டது. பிரதியை எடுத்துக்கொண்டு நியூயார்க் போகும் வழியில் கார் ரேடியோவில்தான் அந்தச் செய்தியைக் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். பென் பாத்திரமும் கறுப்பினத்தவருக்கென்று எழுதப்பட்டதில்லை, நடிக்க வந்தவர்களில் ஜோன்ஸ்தான் நன்றாகச் செய்தார் என்று அவரைப் போட்டார்கள்.

அப்படியானால் அந்த அர்த்தம் நாமாக ஏற்றியதா? நான் அப்படி நினைக்கவில்லை. இயக்குநர் நினைத்தது ஒன்று, படம் போய் விழுந்த மண் இன்னொன்று. கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொன்று, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட வரலாறு உள்ள நாட்டில் அந்தக் கடைசிப் படங்களை வேறு எப்படிப் பார்க்க முடியும்? ஆனால் எழுதும்போது இரண்டையும் பிரித்து எழுதுங்கள். "இயக்குநர் இதைத்தான் சொல்ல வந்தார்" என்பதற்குச் சான்று வேண்டும், "படம் இப்படியும் பேசுகிறது" என்பதற்குப் படமே போதும்.

நான்காவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கதையிலிருந்து பேயைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். போங் ஜூன் ஹோவின் 'தி ஹோஸ்ட்' (2006) தென் கொரியப் படம். தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத் தளத்துப் பிணவறையில், புட்டிகளில் தூசி படிந்திருக்கிறது என்று ஓர் அமெரிக்க அதிகாரி எரிச்சலாகி, பிணம் கெடாமல் வைக்கும் ஃபார்மால்டிஹைடு ரசாயனம் முழுவதையும் கைகழுவும் தொட்டியில் ஊற்றச் சொல்கிறார். ஹான் நதிக்குப் போய்விடுமே என்று கொரிய உதவியாளர் தயங்கினால், ஹான் நதி ரொம்ப அகலம், நம் மனமும் அகலமாக இருக்கட்டும் என்கிறார். 2000-இல் சியோலில் உள்ள தளத்தில் நிஜமாகவே இப்படி ஊற்றவைத்து, கொரியா முழுக்கக் கொதித்தது. படத்தில் அதற்குப் பிறகுதான் நதியிலிருந்து மிருகம் வருகிறது, ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இப்போது மிருகத்தைக் கழியுங்கள். மகள் உயிரோடு இருக்கிறாள், போன் பண்ணினாள் என்று ஒரு தகப்பன் கதறுகிறான், அவனுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்கிறார்கள். இல்லாத வைரஸைத் தேடி அவன் தலையைத் துளைக்கிறார்கள். இவை எதற்குமே மிருகம் தேவையில்லை, பாருங்கள். பேயைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமே இல்லை என்றால் அது வெறும் பேய்ப் படம், அதிலும் தப்பில்லை.

இன்னொரு வகையும் உண்டு. நம் 'காஞ்சனா'வில் (2011) திருநங்கைக்கு நடந்த அநியாயத்தைப் பிளாஷ்பேக்கில் நேராகவே சொல்லிவிடுகிறார்கள். சமூகக் கருத்து இருக்கிறது, சரத்குமார் அதைச் சுமந்து நிற்கவும் செய்கிறார், ஆனால் அந்தப் பகுதியை நையாண்டி என்று சொல்ல மாட்டேன். நையாண்டியில் குற்றவாளிகளின் வரிசையில் பார்க்கிறவனும் நிற்க வேண்டும். இங்கே வில்லனைக் கைகாட்டியதும் நமக்கு நிம்மதியாகிவிடுகிறது.

தொடங்குகிறவர்கள் 'கெட் அவுட்'டில் தொடங்குங்கள், அடுத்து மால் படம், பிறகு கறுப்பு வெள்ளையில் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. 'தி ஹோஸ்ட்'டைக் கடைசியாக வைத்துக்கொண்டு, கடைசிக் காட்சியில் தொலைக்காட்சியில் என்ன செய்தி ஓடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். வைரஸ் என்று சொன்னதே தவறான தகவலாம். வெளியே பனி, உள்ளே தகப்பன் ஒரு சிறுவனோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், சோற்றிலிருந்து கையை எடுக்காமல் காலை நீட்டிப் பெட்டியை அணைத்துவிடுகிறான்.