அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களின் குரலைக் கேட்பது எப்படி?

அமெரிக்காவின் அடிமை முறையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மற்றவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். அதை அனுபவித்தவர்களே பேசியதும் எழுதியதும் ஏராளமாக இருக்கின்றன. பலவற்றைக் காசில்லாமலே இணையத்தில் கேட்கலாம், படிக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுமாரான ஆங்கிலம் போதும்.

படி 1: முதலில் கேளுங்கள்

புத்தகத்தில் தொடங்க வேண்டாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் ஃபவுண்டன் ஹியூஸ் (Fountain Hughes) என்ற பெயரை ஆங்கிலத்தில் தேடுங்கள். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் அவர். 1949இல் பால்டிமோரில் அவர் பேசியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தனக்கு 101 வயது என்கிறார். தன் தாத்தா அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக இருந்தவர் என்கிறார். கடனில் பொருள் வாங்காதே என்று நிதானமாகப் புத்தி சொல்லும் அதே கிழவர், மறுபடி அடிமையாக வேண்டிவரும் என்று தெரிந்தால் துப்பாக்கியை எடுத்து உயிரை முடித்துக்கொள்வேன் என்றும் சொல்கிறார். பேச்சின் எழுத்து வடிவமும் அங்கேயே உண்டு. முதல் முறை அதைப் பார்க்காமல் கேளுங்கள்.

படி 2: ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள்

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த எழுத்தாளர்களுக்கு அமெரிக்க அரசு வேலை கொடுத்தது. அந்தத் திட்டத்தின் கீழ் 1936 முதல் 1938 வரை, முன்னாள் அடிமைகள் 2,300க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்கள் திரட்டப்பட்டன. அவையும் அதே தளத்தில் மாநிலவாரியாக இருக்கின்றன. மொத்தத்தையும் பார்த்து மலைக்காதீர்கள். தெற்கு கரோலினாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 3: கேள்வி கேட்டவர் யார் என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியே பேட்டி கண்டார்கள். ஒருவர் வெள்ளைக்காரப் பெண். அவர் அரசு உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாக சூசன் நினைத்துக்கொண்டார். தன் பழைய எஜமான் நல்லவர் என்றார். மற்றவர் ஒரு கறுப்பினத்தவர். அவரிடம் சொன்னது வேறு: சவுக்கடிகள், முன்னறிவிப்பே இல்லாமல் விற்கப்பட்ட அம்மாக்கள், அப்பாக்கள், அவர்களைப் பிரிந்தவர்கள் இரவும் பகலும் போட்ட அலறல்.

ஒரே வாய், ஒரே வாழ்க்கை. நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய ஊரில், வயிற்றுப்பாட்டுக்கு உதவித்தொகையை எதிர்பார்த்திருக்கும் ஒரு மூதாட்டி வெள்ளைக்காரரிடம் எவ்வளவு சொல்ல முடியும்? பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். எனவே 'அந்தக் காலம் நன்றாகத்தான் இருந்தது' என்று யாராவது சொன்னால் உடனே பக்கத்தின் மேலே போய், பதிவு செய்தவர் பெயரைப் பாருங்கள். இரண்டு பேட்டிகளையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்றில் அவர் பெயர் ஹாமில்டன் என்றிருக்கும், குழம்ப வேண்டாம்.

படி 4: கொச்சை எழுத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள்

வட்டார வழக்கில் எழுதப்பட்டவற்றை வாய்விட்டுப் படித்தால் விளங்கும். அந்த எழுத்துமுறை பல இடங்களில் பதிவு செய்தவரின் கற்பனை, பேசியவரின் குரல் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். இதற்கு நேர்மாறானவர் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன். 1860இல் அமெரிக்காவுக்குக் கடத்திவரப்பட்ட கட்ஜோ லூயிஸை 1927இல் அலபாமாவில் சந்தித்து, அவர் பேச்சை அவர் பேசியபடியே எழுதினார். வழக்குமொழியை மாற்றித் தரும்படி பதிப்பகம் கேட்டபோது மறுத்துவிட்டார். 'பாரக்கூன்' என்ற அந்த நூல் 2018இல்தான் வெளிவந்தது. என் பார்வையில் அந்த மறுப்பு கட்ஜோவுக்குச் செய்த மிகப் பெரிய மரியாதை.

படி 5: அவர்களே எழுதியதற்கு வாருங்கள்

அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸின் தன்வரலாறு 1845இல் வந்தது. 'தானே எழுதியது' என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. சிறிய நூல்தான். பிறகு ஹாரியட் ஜேகப்ஸ். எஜமானிடமிருந்து தப்பி, வட கரோலினாவில், பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் நிமிர்ந்து நிற்கக்கூட இடமில்லாத பொந்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர். 1861இல் புனைபெயரில் அவர் வெளியிட்ட நூலை, வெள்ளைக்காரப் பதிப்பாசிரியர் எழுதிய கற்பனை என்றே அறிஞர்கள் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். 1980களில்தான் அது ஜேகப்ஸே எழுதியது என்று ஆவணங்களோடு நிறுவப்பட்டது. இரண்டும் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம்.

படி 6: பெயரோடு பகிருங்கள்

பிடித்த பகுதியைத் தமிழாக்கி நண்பர்களுக்கு அனுப்புங்கள். 'ஓர் அடிமை சொன்னது' என்று மட்டும் போடாதீர்கள். பேசியவரின் முழுப்பெயர், ஊர், ஆண்டு, பேட்டியென்றால் எடுத்தவர் பெயர், எல்லாம் வேண்டும். அவர்கள் சிரித்த இடங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.