36 புளியங்கொட்டையில் தொடங்குவோம்: காரணி, மடங்கு, பகா எண்

மாலையில் எங்கள் வீட்டுக்குக் கணக்கு கேட்க வரும் பிள்ளைகளிடம் 30, 18-இன் மீப்பெரு பொதுக் காரணி (இரண்டையும் மிச்சமில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) கண்டுபிடிக்கச் சொன்னால், பாதிப் பேர் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கோடு போட்டு, கடகடவென்று வகுத்து 6 என்று விடையும் சொல்லிவிடுகிறார்கள். 'சரி, அந்த 6 எதைச் சொல்கிறது?' என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு அது மனசு கேட்காது. அதனால் அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். பென்சில் அப்புறம், முதலில் 36 புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலை, பட்டன், எது இருந்தாலும் சரி.

முதல் படி: அடுக்கிப் பாருங்கள்

12 கொட்டையை மட்டும் பிரித்து எடுங்கள். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்கும்படி தரையில் அடுக்க வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ஒரே வரிசையாக 12 வைக்கலாம். வரிசைக்கு 6 என்று 2 வரிசை வைக்கலாம். வரிசைக்கு 4 என்று 3 வரிசையும் வரும். 5 வரிசை வைத்துப் பாருங்கள், 2 கொட்டை மிஞ்சும், செவ்வகம் அமையாது. செவ்வகம் அமைந்த இடங்களில் எல்லாம் வரிசையின் எண்ணிக்கையும் காரணி, ஒரு வரிசையில் இருக்கும் கொட்டையின் எண்ணிக்கையும் காரணி. ஆக 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12.

காரணிகள் ஜோடி ஜோடியாக வருகின்றன என்பதைக் கவனித்தீர்களா? பரீட்சையில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 36-க்குக் காரணி எழுதச் சொன்னால் 1, 2, 3, 4, 6, 9 வரை எழுதிவிட்டு 12-ஐயும் 18-ஐயும் மறந்துவிடுவார்கள். ஜோடியாகவே எழுதுங்கள்: 1×36, 2×18, 3×12, 4×9, 6×6. அடுத்து 7, 8 இரண்டும் சரிவராது. 9 வரும், ஆனால் 9×4 என்பது ஏற்கெனவே எழுதிய 4×9-ஐத் திருப்பி வைத்ததுதான். அதாவது 6×6-ஐத் தொட்டவுடன் நிறுத்திவிடலாம், அதற்கு மேல் புதிதாக எதுவும் கிடைக்காது. 36-க்கு மொத்தம் 9 காரணிகள். ஒற்றைப்படையில் வருவதற்குக் காரணம், 6 தனக்குத் தானே ஜோடியாக நிற்கிறது. 25, 49, 100 என்று எந்த வர்க்க எண்ணை எடுத்தாலும் இப்படித்தான், மற்ற எண்களுக்கு எப்போதும் இரட்டைப்படைதான்.

மடங்கு சுலபம். 6-இன் மடங்குகள் 6, 12, 18, 24 என்று ஆறாம் வாய்ப்பாடு நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது. காரணிகளை எண்ணி முடிக்கலாம், மடங்குகளுக்கு முடிவே கிடையாது. 6 என்பது 24-இன் காரணி என்றாலும் 24 என்பது 6-இன் மடங்கு என்றாலும் ஒரே செய்திதான்.

இரண்டாம் படி: ஒரே வரிசையாக மட்டும் அமையும் எண்கள்

இப்போது 7 கொட்டை. என்ன செய்தாலும் ஒரே நீள வரிசைதான் வரும், இல்லையா? 11-உம் அப்படித்தான், 13-உம் அப்படித்தான். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத இவைதான் பகா எண்கள். 2-உம் பகா எண்தான், இரட்டைப்படையில் அது ஒன்றுதான் பகா எண். பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் இருக்க வேண்டும். 1-க்கு இருப்பதோ ஒரே ஒரு காரணி, அதனால் அது பகா எண்ணும் இல்லை, இரண்டுக்கு மேல் காரணிகள் உள்ள பகு எண்ணும் இல்லை.

97 பகா எண்ணா என்று கேட்டால் 2-இல் தொடங்கி 96 வரை வகுத்துப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். ஜோடி விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 10×10 என்பதே 100 ஆகிவிடுகிறது, ஆகவே 97-க்கு ஒரு ஜோடி இருந்தால் அதில் சின்ன எண் 10-க்குள்தான் இருக்க வேண்டும். அதிலும் 4, 6, 8, 9 வகுத்தால் 2 அல்லது 3-உம் வகுத்துவிடும், ஆகவே 10-க்குள் இருக்கும் பகா எண்கள் 2, 3, 5, 7 மட்டும் பார்த்தால் போதும். இந்த நான்கு எண்களில் எதனாலும் 97 வகுபடாது, எனவே அது பகா எண். இதே சோதனையை 91-க்கும் செய்யுங்கள். பார்த்தால் பகா எண் போலவே இருக்கும், ஆனால் 7×13. நிறையப் பேர் தவறு செய்யும் எண் இது.

3-ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. 100 என்பது 99+1, 10 என்பது 9+1. 99-உம் 9-உம் எப்படியும் 3-ஆல் வகுபடும், அவற்றை ஒதுக்கிவிட்டால் நூறுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று மிஞ்சும். 459-இல் நான்கு நூறு, ஐந்து பத்து, ஒன்பது ஒன்று. அப்படியானால் மிஞ்சுவது 4+5+9, அதாவது 18. அது 3-ஆல் வகுபடுகிறது, எனவே 459-உம் வகுபடும். அவ்வளவுதான் ரகசியம்.

மூன்றாம் படி: உடைத்துப் போடுங்கள்

எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக உடைக்கலாம். 72-ஐ 8×9 என்று தொடங்கினாலும் சரி, 2×36 என்று தொடங்கினாலும் சரி, கடைசியில் 2×2×2×3×3 என்றுதான் வந்து நிற்கும். நீங்கள் ஒரு வழியிலும் பக்கத்தில் இருப்பவர் வேறு வழியிலும் உடைத்துப் பார்த்து, ஒரே விடை வருவதைக் கண்ணால் பாருங்கள். எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

இப்படி உடைத்துவிட்டால் காரணிகளை எழுதாமலேயே எண்ணிவிடலாம். 72-க்கு ஒரு காரணி வேண்டும் என்றால் அந்த மூன்று 2-களில் எதையும் எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு, மூன்று எடுக்கலாம், மொத்தம் 4 வழி. அதேபோல 3-களில் 3 வழி. 4×3=12, ஆக 72-க்கு 12 காரணிகள். 100-க்குள் இதைவிட அதிகக் காரணிகள் உள்ள எண் கிடையாது. 12 காரணிகள் இருக்கும் முதல் எண் 60. ஒரு மணிக்கு 60 நிமிடம், நம் பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று என்று எப்படிப் பங்கிட்டாலும் மிச்சம் வராத எண் அது.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் இந்தக் கேள்வியைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டார். தனக்கு முன்னால் இருக்கும் எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் எவை, அவை எந்த அமைப்பில் வருகின்றன என்று ஆராய்ந்து 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். 12, 24, 36, 48, 60, 120 எல்லாம் அந்த வரிசையில் வருபவை. ஆறாம் வகுப்புக் காரணியிலிருந்து அவ்வளவு தூரம் போக முடியும் என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

நான்காம் படி: காகிதத்தில் மீப்பெரு பொதுக் காரணி

30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலத்தில் ஒரு காகிதம் வெட்டிக்கொள்ளுங்கள். அதிலிருந்து வெட்ட முடிந்த மிகப் பெரிய சதுரத்தை வெட்டி எடுங்கள், 18-க்கு 18. மீதி இருப்பது 18-க்கு 12. அதில் பெரிய சதுரம் 12-க்கு 12, வெட்டினால் மீதி 12-க்கு 6. இன்னொரு முறை 6-க்கு 6 வெட்டினால் மிஞ்சும் துண்டும் 6-க்கு 6 சதுரமாகவே இருக்கும். முடிந்தது. 30, 18-இன் மீப்பெரு பொதுக் காரணி 6. அதாவது 30-க்கு 18 காகிதம் முழுவதையும் இடைவெளி இல்லாமல் ஒரே அளவுச் சதுரங்களால் நிரப்ப வேண்டும் என்றால், மிகப் பெரிய சதுரம் 6 செ.மீ. என் கேள்விக்குப் பதில் இதுதான். நீங்கள் செய்தது திரும்பத் திரும்பக் கழித்தல், கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த முறை. பெரிய எண்களுக்கு உடைப்பதைவிட இது வேகமானது.

ஐந்தாம் படி: 108 எங்கிருந்து வந்தது?

மீச்சிறு பொது மடங்குக்கு (இரண்டு எண்ணுக்கும் பொதுவாக வரும் மிகச் சிறிய மடங்கு) எல்லோரும் மணியடிக்கும் கணக்கைச் சொல்வார்கள், நான் பஞ்சாங்கத்தை எடுப்பேன். ராசி 12, நட்சத்திரம் 27. வான வட்டம் ஒன்றுதான், அதை ஒருமுறை 12 சம பங்காகவும் இன்னொரு முறை 27 சம பங்காகவும் பிரித்திருக்கிறார்கள். ஒரு ராசிக்கு எத்தனை நட்சத்திரம்? 27-ஐ 12-ஆல் வகுத்தால் மிச்சம் வருகிறது. அப்படியானால் இரண்டுக்கும் சரியாகப் பொருந்தும்படி வட்டத்தைக் குறைந்தது எத்தனை துண்டு போட வேண்டும்?

12 = 2×2×3. 27 = 3×3×3. இரண்டு எண்ணும் உள்ளே அடங்க வேண்டும் என்றால் இரண்டு 2 வேண்டும், மூன்று 3 வேண்டும். 2×2×3×3×3 = 108. அதுதான் 108 பாதம். நட்சத்திரத்துக்கு 4 பாதம், ராசிக்கு 9 பாதம். அசுவினி 4, பரணி 4, கார்த்திகையில் முதல் பாதம், ஆக 9, மேஷம் முடிந்தது. கார்த்திகையின் மற்ற மூன்று பாதமும் ரிஷபத்துக்குப் போய்விடுவது இதனால்தான்.

பெயரில் 'மீச்சிறு' என்று இருப்பதால் விடையும் சின்னதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மடங்கு என்பதால் கொடுத்த எண்களில் பெரியதைவிடக் குறையவே குறையாது. காரணி என்பதால் மீப்பெரு பொதுக் காரணி சின்ன எண்ணைத் தாண்டவே தாண்டாது. விடை சரிதானா என்று பார்க்க இரண்டையும் பெருக்குங்கள்: 12, 27-இன் மீப்பெரு பொதுக் காரணி 3, 3×108=324, 12×27-உம் 324. இரண்டு எண்களுக்கு இது எப்போதும் ஒத்துப்போகும். மூன்று எண்கள் வந்தால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு. வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30 ஆண்டு. இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் மறுபடி அதே இடத்தில் சேர எத்தனை ஆண்டு ஆகும்? விடை வந்ததும் பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருடப் பெயர்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, வீட்டில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்ட தாத்தா பாட்டி இருந்தால், தாத்தா பிறந்தது எந்தத் தமிழ் வருடம், அந்த அறுபதாம் கல்யாணம் நடந்தபோது தொடங்கிய தமிழ் வருடம் எது என்று கேளுங்கள்.