பொக்முவா, பொங்முவா?

கொரியச் செய்திகளில் "பொங்முஹாதா" என்று அடிக்கடி காதில் விழும். அகராதியில் 'பொங்முஹாதா' என்று தேடினால் இந்தச் சொல் சிக்காது. ஒரு வாரம் மண்டை காய்ந்தது. அப்புறம்தான் புரிந்தது, எழுத்தில் அது "பொக்மு". 'ம்' வந்தால் முன்னால் உள்ள 'க்', 'ங்' ஆகிவிடும். புணர்ச்சி விதி படித்து வளர்ந்த எனக்கே இது உறைக்கவில்லை!

பொருள், படையிலோ அரசிலோ பணியாற்றுவது. சரி என்று, அலுவலக வேலைக்கும் அதையே சொன்னேன், சிரித்துவிட்டார்கள். அதற்கு "குன்முஹாதா" இருக்கிறது. இரண்டிலும் உள்ள 'மு', கடமை என்னும் சீன எழுத்து. இப்போது "தரைப்படையில் 18 மாதம் பொங்மு" என்று வாக்கியமாகவே மனதில் வைத்திருக்கிறேன். நண்பர்களிடம் பேசும்போது மட்டும் "குந்தே" (படை) போனான் என்றாலே போதும்.