எத்தனை மில்லி என்பதற்கு முன், எந்தப் பாட்டில்?

போன மழைக்காலத்தில் ஓர் இரவு, என் மருந்துக்கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். பத்து மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஓர் இளம் தாய் ஓடிவந்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, "அண்ணா, காய்ச்சலுக்குப் போன தடவை டாக்டர் ஐந்து மில்லி கொடுக்கச் சொன்னார். வீட்டில் இது இருந்தது, இதிலேயே கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். போன தடவை டாக்டர் எழுதியது சிரப். அவர் கையில் இருந்ததோ டிராப்ஸ். பெயர் ஒன்றுதான், பெட்டியின் நிறமும் ஒன்றுதான்.

பாராசிட்டமால் சிரப்பில் பொதுவாக 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் மருந்து இருக்கும். டிராப்ஸில் ஒவ்வொரு மில்லியிலுமே 100 மில்லிகிராம் இருக்கிறது. அந்தக் குழந்தையின் எடை எட்டுக் கிலோ. டிராப்ஸில் ஐந்து மில்லி ஊற்றியிருந்தால் 500 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரையின் அளவு அது. அந்த எடைக்கு ஒரு நாள் முழுவதும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய அளவைவிடவும் அதிகம். நல்ல வேளையாக அவர் கேட்டார். கேட்காமல் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"ஐந்து மில்லி" என்று மட்டும் நினைவில் வைத்திருப்பதுதான் முதல் தவறு. பாராசிட்டமாலின் கணக்கு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் போகாமல். பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராப்ஸில் அது ஒன்றரை மில்லி. 125 என்று போட்ட சிரப்பில் ஆறு மில்லி. 5 மில்லிக்கு 250 என்று போட்ட சிரப்பில் மூன்றே மில்லி. பாட்டில் மாறினால் அளவும் மாறியாக வேண்டும். வயதை வைத்து ஊகிக்க வேண்டாம். அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பதற்குச் சமையலறை ஸ்பூன் கூடாது. ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. வேறு பாட்டிலின் மூடியும் வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விடுங்கள்.

அடுத்தது, தெரியாமலே இரண்டு முறை கொடுத்துவிடுவது. சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. இபுபுரூஃபன் என்ற இன்னொரு காய்ச்சல் மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த சிரப்பும் உண்டு. ஆஸ்பத்திரியில் ஆசனவாயில் வைத்து அனுப்பும் மருந்தும் பெரும்பாலும் இதேதான். வீட்டுக்கு வந்ததும் சிரப்பும் கொடுத்தால் இரண்டு மடங்காகிவிடும். இதைவிடச் சாதாரணமாக நடப்பது வேறொன்று: அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டியும் கொடுப்பார். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் மருந்தின் பெயர், அளவு, மணி மூன்றையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

பாராசிட்டமாலில் காய்ச்சல் இறங்கவில்லை என்று "இன்னும் பவரான மருந்து" கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி. மழைக்காலத்துக் காய்ச்சல் டெங்குவாக இருக்கக்கூடும். டெங்குவில் இபுபுரூஃபன், மெஃபெனாமிக் ஆசிட், ஆஸ்பிரின் போன்ற மற்றக் காய்ச்சல் மருந்துகள் எல்லாம் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுபவை. வாந்தி, பேதியால் உடலில் நீர் வற்றிய குழந்தைக்கு இபுபுரூஃபன் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். ஆஸ்பிரினைக் குழந்தைகளின் காய்ச்சலுக்கு எப்போதுமே கொடுக்கக் கூடாது. நிமெசுலைடு என்ற காய்ச்சல் மருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011லேயே இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய பாட்டில் எங்காவது கிடந்தால் எறிந்துவிடுங்கள்.

தெர்மாமீட்டர் 98.6க்கு வந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மருந்து குழந்தையின் வேதனையைக் குறைப்பதற்குத்தான். 102 இருந்தது 100க்கு இறங்கி, குழந்தை பால் குடித்து விளையாடினால் போதும். தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டாம். ஆனால் மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 இருந்தாலே மருந்தைத் தேடாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அளவு கூடிவிட்டது என்று சந்தேகம் வந்தால், "குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது" என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கினாலும் முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். இந்தப் பாதிப்பை முறிக்கும் மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். மருந்துப் பாட்டிலையும் மணி எழுதிய அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு, அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.