மால்டாவின் ‘மூன்று விமானங்கள்’: கதையையும் உண்மையையும் பிரிப்பது எப்படி

1940 ஜூன் 11 அன்று இத்தாலி, பிரிட்டன் வசமிருந்த மால்டா தீவைக் குண்டுவீசித் தாக்கத் தொடங்கியது. ‘ஃபெய்த், ஹோப், சாரிட்டி’ என்ற மூன்றே மூன்று கிளாடியேட்டர்கள் (பிரிட்டனின் இரட்டை இறக்கைப் போர் விமானங்கள்) தீவைக் காத்தன என்பது கதை. இதைச் சோதிக்க, முதலில் பெயர்களை ஒதுக்கிவிட்டு வரிசை எண்களைப் பிடியுங்கள். அந்தப் பெயர்கள் பிற்பாடுதான் பரவின. சண்டைக் காலப் பதிவுகளில் விமானத்தை அடையாளம் காட்டுவது என்5519, என்5520, என்5531 போன்ற எண்களே. எண்களைத் தனித்தனியாகக் குறித்தால் மூன்றுக்கு மேல் வரும். பெட்டிகளில் இருந்த கடற்படை விமானங்களைக் கோத்து, ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்திப் பறக்கவிட்டார்கள். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் பறப்பது அரிது. மூன்று என்ற எண்ணிக்கை ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

அடுத்து தேதி. ஜூன் முடிவதற்குள் இன்னும் வேகமான பிரிட்டிஷ் போர் விமானங்களான ஹரிக்கேன்கள் சில வந்துவிட்டன. ஆகஸ்ட் 2-இல் ஆர்கஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து மேலும் 12 வந்தன. ஆகவே கிளாடியேட்டர்கள் தனித்து நின்றது சில வாரங்களே.

வீழ்த்திய கணக்கில்தான் பலரும் தவறுவார்கள். விமானி சொன்னதை அப்படியே கூட்டாதீர்கள். ஒரே இலக்கை இருவர் சுட்டால் இரண்டாகப் பதிவாகும். அதே நாளின் இத்தாலிய இழப்புப் பதிவோடு பொருத்துங்கள். வேகத்தையும் பாருங்கள்: இத்தாலியின் எஸ்எம்.79 குண்டுவீச்சு விமானத்தைக் கிளாடியேட்டரால் பின்னால் துரத்திப் பிடிப்பது கடினம், முன்பே உயரம் ஏறியிருக்க வேண்டும். அந்த நிலையிலும் ஜூன் 22 அன்று கிளாடியேட்டர் விமானி ஜார்ஜ் பர்ஜஸ் ஒன்றை வீழ்த்தினார். அது கட்டுக்கதை அல்ல.

வலெட்டாவின் போர் அருங்காட்சியகத்தில் ‘ஃபெய்த்’ என்று நிற்பது என்5520-இன் உடற்பகுதி.