கடல் இல்லாத ஊரிலிருந்து முதல் சர்ஃப் போர்டு வாங்குவது எப்படி?

தென்பெண்ணை ஆறு கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, சாத்தனூர் வழியாகப் போய்க் கடலூர் பக்கம் கடலில் சேர்கிறது. ஆற்றுக்கு அது பள்ளம் பார்த்த வழி. கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கும் நமக்கோ புதுச்சேரிக் கடல் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சென்னைப் பக்கம் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்தே 250 கிலோமீட்டருக்கு மேல். தருமபுரிக்காரர்கள் இன்னும் ஒரு ஐம்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடல் அலையின் மேல் ஏறி நின்று வழுக்கிப் போகும் பலகைதான் சர்ஃப் போர்டு. அதைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் கடற்கரையில் குடியிருப்பவர்கள் எழுதியது. தினமும் விடிகாலையில் கடலுக்குப் போகிறவர் கொஞ்சம் கடினமான பலகையை வாங்கித் தடுமாறினாலும், இரண்டு மாதத்தில் பழகிவிடுவார். நமக்கு வாய்ப்பது சனி ஞாயிறோடு ஒட்டி வரும் ஒரு விடுமுறை, அதில் இரண்டு காலைப் பொழுது. அந்த இரண்டு காலையில் எத்தனை அலையில் ஏற முடிகிறது என்பதுதான் நம் கணக்கு. பலகையின் நீளம், தடிமன், பொருள், விலை எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

படி 1: வாங்குவதற்கு முன் வாடகை

முதல் தடவை கடலுக்குப் போகும்போது பலகை வாங்கிக்கொண்டு போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், மகாபலிபுரம், புதுச்சேரி பக்கம் செரினிட்டி கடற்கரை ஆகிய இடங்களில் சர்ஃப் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. கோவளம் என்றால் கேரளத்துக் கோவளம் அல்ல, சென்னைக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர். அங்கே மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் தொடங்கிய பள்ளி நாடறிந்தது. மகாபலிபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே நடந்தது. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆக, நல்ல அலையும் நல்ல ஆசிரியரும் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை.

பாடக் கட்டணத்தில் பெரும்பாலும் பலகையும் அடக்கம். பாடம் முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள்: "அண்ணா, நான் ஏறினது எத்தனை அடி? எத்தனை லிட்டர்?" என்று கேட்டு போனில் குறித்துக்கொள்ளுங்கள். பலகையின் மேல்புறம், அடிப்புறம், ஓரம் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு அளவு கேட்டு வாங்கிப் பாருங்கள். கடையில் நிற்கும்போது வேறு எவருடைய ஆலோசனையையும் விட இந்தக் குறிப்பு உதவும்.

இரண்டு எச்சரிக்கை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். தீபாவளி லீவு கிடைத்ததே என்று அப்போது பழகக் கிளம்பாதீர்கள். அப்புறம், கிணற்றில் குதித்துப் பழகிய நீச்சல் நல்ல அடித்தளம்தான். ஆனால் கிணறு நம்மை இழுத்துக்கொண்டு போகாது, கடல் போகும். மூச்சு வாங்காமல் தொடர்ந்து பத்து நிமிடம் நீந்த முடியாதவர்கள் பலகையைப் பற்றி யோசிப்பதற்கு முன் நீச்சலைச் சரிசெய்யுங்கள்.

படி 2: உங்கள் எடைக்கு எத்தனை லிட்டர்?

பலகையின் மேலோ அடியிலோ 8'0" x 22 1/2" x 3 1/4" என்பது போல எழுதியிருக்கும். ஒற்றைக் கோடு அடி, இரட்டைக் கோடு அங்குலம். முதலில் நீளம், அடுத்து அகலம், கடைசியில் தடிமன். பல பலகைகளில் இதை ஒட்டி லிட்டரும் இருக்கும். தொடங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த லிட்டரைத்தான்.

கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கையோ காலி எண்ணெய் கேனோ கட்டிக்கொண்டு இறங்குவோம். பெரிய கேன் மார்பு வரை மேலே தூக்கும். சின்னக் கேன் என்றால் மூக்கு மட்டும்தான் வெளியே. பலகையின் லிட்டரும் இதேதான். பலகை முழுதும் அமிழ்ந்தால் எத்தனை லிட்டர் தண்ணீரை விலக்குமோ, ஏறத்தாழ அத்தனை கிலோவை, தன் சொந்த எடையையும் சேர்த்து, அது தாங்கும்.

தொடங்குகிறவருக்கு ஒரு எளிய கணக்கு: உடல் எடை எத்தனை கிலோவோ குறைந்தது அத்தனை லிட்டர், அதற்கு மேல் பத்து இருபது கூட இருந்தால் நல்லது. 55 கிலோ இருப்பவர் 60 முதல் 70 லிட்டர் வரை, 7 அல்லது 7½ அடியில் தேடலாம். 70 கிலோ என்றால் 75 முதல் 90 லிட்டர், 8 அடி. 85 கிலோவைத் தாண்டியவர்கள் 95 லிட்டருக்குக் குறையாமல், 8½ அல்லது 9 அடிக்குப் போய்விடுங்கள். எடையை நேர்மையாகப் போடுங்கள். கல்யாணத்துக்கு முன் இருந்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் கடல் ஒத்துக்கொள்ளாது.

லிட்டர் எழுதாத பலகையில் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கிப் பார்க்கிறவர்கள் உண்டு. பலகை பெட்டி அல்ல; முனை குறுகும், ஓரம் மெலியும். பெருக்கி வரும் அளவை விட உண்மையான அளவு நன்றாகவே குறைவாக இருக்கும். விற்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

லிட்டர் கூடினால் நமக்கு என்ன லாபம்? அலை வரும்போது பலகையில் படுத்தபடி கையால் தண்ணீரைத் தள்ளி, அலையின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட நாமும் வர வேண்டும். வராவிட்டால் அலை நமக்கு அடியில் போய்விடும். மிதப்பு அதிகமான நீளப் பலகை தண்ணீரின் மேலாக வழுக்கும். குறைந்த கைவீச்சில் வேகம் எடுக்கும். சின்னப் பலகை நம் எடைக்கு முக்கால்வாசி அமிழ்ந்து, ஒவ்வொரு கைவீச்சையும் தின்றுவிடும். பத்து அலைக்குத் துரத்தி ஒன்றில் ஏறுவதற்கும், ஏழில் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

போட்டிகளில் நாம் பார்க்கும் கூர்மூக்குப் பலகைகள் ஏறத்தாழ 6 அடி, முப்பது லிட்டருக்கும் குறைவு. அவை அழகுதான். அவற்றை ஓட்டுகிறவர்கள் சிறு வயதிலிருந்து கடலிலேயே கிடந்தவர்கள். வருடத்துக்கு ஐந்தாறு காலை மட்டும் கடலில் இறங்குகிறவர் அதை வாங்கினால் வீட்டுச் சுவருக்குத்தான் ஆகும்.

படி 3: வடிவம்

கடையில் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். மூக்கு வட்டமாக, அகலமாக இருக்க வேண்டும். வால் பக்கமும் அதிகம் குறுகக்கூடாது. தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: முன்புறம் லேசாக மட்டும் மேலே வளைந்து, மீதி ஏறக்குறைய தட்டையாக இருந்தால் சரி. வளைவு கூடினால் செங்குத்தான அலைக்கு நல்லது. நாம் பழகும் சின்ன அலையில் அது வேகத்தைக் குறைக்கும். ஓரங்கள் தடிமனாக, உருண்டையாக இருக்கட்டும். அகலம் 22 அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கும்போது கால் இரண்டு அங்குலம் தள்ளிப் பதிந்தாலும் கவிழாமல் இருப்பது அந்த அகலத்தால்தான்.

படி 4: மெத்தை மேல்புறமா, கண்ணாடி இழையா?

முதல் பலகை சாஃப்ட் டாப்பாக இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. உள்ளே தெர்மாகோல் வகை நுரை, நடுவே நீளவாக்கில் உறுதிக்கு மரச்சட்டம், மேலே மெத்தென்ற நுரைத் தோல், அடியில் வழவழப்பான பிளாஸ்டிக். விழும்போது பலகை தலையில் படத்தான் செய்யும். கண்ணாடி இழைப் பலகை பட்டால் தையல் போட வேண்டி வரலாம். நமக்கு மட்டுமல்ல, பக்கத்தில் பழகுகிற குழந்தைக்கும்தான்.

கண்ணாடி இழைப் பலகையில் இரண்டு வகை. பாலியூரித்தேன் நுரையின் மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசியது ஒன்று. தெர்மாகோல் வகை நுரையின் மேல் எபாக்சி பூசியது இன்னொன்று. எபாக்சி எடை குறைவு, அடி தாங்கும். இரண்டிலும் சின்ன விரிசல் விழுந்தாலும் கடல்நீர் உள்ளே போகும். உடனே காயவைத்து அடைக்க வேண்டும். அந்த ரிப்பேர் தெரிந்த ஆள் தருமபுரியில் எங்கே இருக்கிறார்? சாஃப்ட் டாப் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

ஆன்லைனில் தேடும்போது ஏமாறாமல் இருக்க ஒரு வார்த்தை. மூன்றரை அடி நீளமுள்ளது பாடி போர்டு, படுத்தபடி போக மட்டும். மெல்லிய, ஃபின் (பலகையின் அடியில் மீன் துடுப்பு போல நிற்பது) இல்லாத தட்டை ஸ்கிம் போர்டு, கரையோர ஈரமணலில் வழுக்குவதற்கு. காற்றடைத்து, துடுப்போடு வருவது நின்று துடுப்பு போடும் பலகை. சர்ஃப் போர்டு என்று தேடினால் இவை எல்லாமே வரிசையில் வந்து நிற்கும். விலை ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்று தோன்றினால் நீளத்தைப் பாருங்கள்.

படி 5: பழைய பலகை என்றால்

செகண்ட் ஹேண்ட் தாராளமாக வாங்கலாம். ஆனால் போட்டோ பார்த்துப் பணம் அனுப்பாமல், கடற்கரைக்கே போய்க் கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மூக்கையும் வாலையும் இரண்டு முட்டுகளில் வைத்து நடுவில் மெதுவாக அழுத்துங்கள். ஒரே இடத்தில் மடிந்தாற்போல வளைந்தால் உள்ளே சட்டம் உடைந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறுக்கே ஓடும் சுருக்கக் கோடும் அதற்கே அடையாளம். மேல்தோலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்காவது காற்றடைத்ததுபோல் உப்பி, அழுத்தினால் உள்ளே போய் வந்தால், தோல் நுரையை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். வெயிலில் கிடந்த பலகைக்கு வரும் வியாதி இது.

பிறகு ஃபின் பொருத்தும் குழிகள். ஃபின்னைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஃபின் லேசாக வளையலாம், குழி அசையக்கூடாது. வால் அருகே காலில் கட்டும் கயிறு மாட்டும் இடத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகத் தூக்கிப் பாருங்கள். அதே அளவுள்ள இன்னொரு பலகையை விடக் கனமாக இருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது. நிறம் மங்கியது, கீறல், கால் வழுக்காமல் இருக்கத் தேய்த்த பழைய வேக்ஸ் (மெழுகு) அழுக்கு எல்லாம் பேரம் பேச மட்டும் பயன்படும்.

படி 6: கூடவே வாங்க வேண்டியவை

காலில் கட்டும் லீஷ் பலகையின் நீளம் அல்லது கொஞ்சம் கூட. 8 அடிப் பலகைக்கு 6 அடி லீஷ் கட்டினால், விழும்போது பலகை சுண்டி முகத்துக்கே திரும்பி வரும். ஃபின் பெரும்பாலும் மூன்றாகப் பலகையோடே வரும். வளையும் வகையாக இருந்தால் நல்லது. வேக்ஸ் பல வெப்பநிலைக்குப் பல வகை. நம் கடலுக்கு டிராபிக்கல் என்று போட்டதை மட்டும் வாங்குங்கள், குளிர்நீர் வேக்ஸ் இங்கே கூழாகிவிடும். அதைத் தேய்ப்பது கால் வைக்கும் மேல்புறத்தில். கார் பாலிஷ் போல அடியில் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

படி 7: ஊருக்குக் கொண்டுவருவது

8 அடிப் பலகையோடு பஸ் ஏற முடியாது. கார் கூரைதான் வழி. கூரையில் மெத்தென்ற பட்டை போட்டு, மேல்புறம் கீழே இருக்கும்படி பலகையைக் கவிழ்த்து, ஃபின் முன்பக்கம் மேல்நோக்கி நிற்கும்படி வையுங்கள். பட்டை தளர்ந்து பலகை பின்னால் நழுவினாலும் ஃபின் தடுத்து நிறுத்தும். இரண்டு இடத்தில் அகலமான நாடாப் பட்டையால் கட்டுங்கள். தேங்காய்நார்க் கயிறு நுரையை அறுக்கும். வழியில் இறங்கும்போதெல்லாம் பட்டையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

நம்மிடம் பலகையைக் கெடுப்பது கடலை விட வெயில். ஆம்பூரில் பிரியாணிக்கு இறங்கினால் வண்டியை நிழலில் விடுங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் பலகையை வைத்தால் வேக்ஸ் உருகி ஓடும். உள்ளிருக்கும் காற்று விரிந்து தோல் கிளம்பும். வெள்ளி நிற உறை ஒன்று வாங்கிவிடுங்கள். வீட்டில் மொட்டை மாடி, தகர ஷெட், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் எல்லாம் வேண்டாம். உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளறைச் சுவரில் இரண்டு மெத்தைத் தாங்கிகளில் படுக்கவையுங்கள்.

இவ்வளவும் முடியாதென்றால், அல்லது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் போக முடியும் என்றால், வாடகையே லாபம். இல்லையா, பலகையை வாங்கிக் கடற்கரையிலேயே தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட முடியுமா பாருங்கள்.

பலகை வீட்டுக்கு வந்த வாரமே கிருஷ்ணகிரி அணையிலோ ஒகேனக்கல்லிலோ இறக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். அணையில் அலை இல்லை, ஆழம் இருக்கிறது. ஒகேனக்கல்லில் பாறையும் சுழலும். லீஷ் பாறையில் சிக்கினால் காலை விடுவிக்க முடியாது. வீட்டில் பாயை விரித்துப் படுத்து, ஒரே மூச்சில் எழுந்து நிற்கும் பயிற்சியைச் செய்யுங்கள். அது காசு கேட்காது.

படி 8: எப்போது மாற்றுவது?

நுரைத்து வரும் அலையில் நிற்பது போதாது. உடையாத அலையை நீங்களே பார்த்து, பிறர் தள்ளாமல் ஏறி, இடம் வலம் இரண்டு பக்கமும் திரும்ப வந்த பிறகு அரை அடி அல்லது ஒரு அடி குறைத்து அடுத்த பலகைக்குப் போகலாம். ஒரேயடியாக 6 அடிக்கு இறங்க வேண்டாம். பழைய சாஃப்ட் டாப்பை விற்பதானால் இங்கே விளம்பரம் போட்டுக் காத்திருக்காதீர்கள். அடுத்த பயணத்தில் கூரையில் கட்டி எடுத்துப்போய்க் கோவளத்திலோ மகாபலிபுரத்திலோ பள்ளிகளில் கேளுங்கள். புதிதாகப் பழக வருகிறவர் யாராவது அங்கே இருப்பார்.